மெல்லப் பாய்ந்த குரல்

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, வெளியூர்ப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் தந்ததோடு சுண்டலுக்கும் ஏற்பாடு செய்திருக்கும் மண்டப உரிமையாளர் ஐயா அவர்களே, எனக்கு முன் பேசி என் குறிப்புகளில் பாதியைக் காலி செய்துவிட்ட தமிழாசிரியர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

திரைப்படப் பின்னணிப் பாடகர் பி.பி.ஸ்ரீநிவாஸ் அவர்களின் குரல், மொழிப்புலமை, பண்பு ஆகிய மூன்றைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். முதலில் குரல். மெல்லப் பாயும் தண்ணீர் கல்லையும் குழியாக்கும் என்று என் பாட்டி அடிக்கடி சொல்லுவார். அந்தப் பழமொழிக்கு உரை எழுதியது போன்ற குரல் அது. 1930-இல் காக்கிநாடாவில் பிறந்து, 1952-இல் ஜெமினி ஸ்டுடியோவின் ‘மிஸ்டர் சம்பத்’ என்னும் இந்திப் படத்தில் பாடத் தொடங்கியவர், 1961-இல் ‘பாவமன்னிப்பு’ படத்தின் ‘காலங்களில் அவள் வசந்தம்’ பாடலோடு தமிழர் வீடுகளுக்குள் நுழைந்தார். டி.எம்.சௌந்தரராஜன் அவர்களின் வெண்கலக் குரல் கொடிகட்டிப் பறந்த காலத்தில், அதனோடு போட்டியிட்டுத் தம் குரலை உயர்த்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவரைப் போலக் கீழ் ஸ்தாயியில் பாடியே அவர் தமக்கென்று ஓர் இடத்தைப் பிடித்தார். ‘மயக்கமா கலக்கமா’ பாடலில் அந்த முதல் கேள்வியை அவர் யாரிடமும் கேட்பதில்லை. தமக்குத் தாமே கேட்டுக்கொள்கிறார்.

இங்கே என் அக்காவின் திருமணத்தைச் சொல்லியாக வேண்டும். ‘ராமு’ படம் வந்த மறு ஆண்டு, அதாவது 1967. வாசலில் வாழைமரம், தென்னைமரத்தின் உச்சியில் புனல் ஒலிபெருக்கி, திண்ணையில் இசைத்தட்டுப் பெட்டியோடு மைக் செட்டுக்காரர். மாப்பிள்ளை வீட்டார் வில்வண்டியிலிருந்து இறங்குகிற அந்தச் சமயம் பார்த்து, அவர் புதிதாக வாங்கிய தட்டைப் பெருமையோடு சுழலவிட்டார். ‘நிலவே என்னிடம் நெருங்காதே’! ஆரத்தித் தட்டு என் அத்தையின் கையில் ஆடியது. “பொண்ணு வீட்டுக்கு வர்றவங்களைப் பார்த்துப் போடுற பாட்டாடா இது?” என்று அப்பா ஓடினார். பதறிப்போன அந்த மனிதர் முள்ளைத் தூக்கி, கைக்கு அகப்பட்ட வேறொரு தட்டை வைத்தார். அதுதான் ‘மயக்கமா கலக்கமா’. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நல்லவேளையாகச் சம்பந்தி சிரித்துவிட்டார். “முதல் பாட்டையே போடச் சொல்லுங்க மச்சான். இந்தக் குரல்ல நெருங்காதேன்னாலும் வான்னுதான் கேக்குது” என்றார்.

அவர் சொன்னது என் அப்பாவுக்குக் கேட்டது என்பதைக் கவனியுங்கள். சென்ற மாதம் உறவினர் வீட்டு வரவேற்பில், மேடையின் இருபுறமும் ஆளுயரப் பெட்டிகள் அதிர, வாழ்த்துச் சொன்ன என்னைப் பார்த்து மணமகன் “சாப்பிட்டுட்டேன் தாத்தா” என்றான். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வரம்பு வகுத்திருக்கின்றன. இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கியே கூடாது என்பதும் பொது விதி. ஸ்ரீநிவாஸ் பாடலையும் காது கிழிய அலறவிடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மெல்லப் பாயும் தண்ணீர்தான் ஐயா கல்லைக் குழியாக்கும், வெள்ளம் ஊரைத்தான் அழிக்கும்.

மொழிப்புலமைக்கு வருகிறேன். எட்டு மொழிகளில் கவிதை எழுதியவர். கன்னடத்தில் நடிகர் ராஜ்குமாரின் குரலாகவே வாழ்ந்தவர். கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ் இன் உணவகத்தில், சட்டைப்பை நிறையப் பல நிறப் பேனாக்களோடு அமர்ந்து எழுதிக்கொண்டிருந்த அவரைச் சென்னைக்காரர்கள் பலர் கண்டிருப்பீர்கள். பண்பைப் பற்றி விரிவாகவே குறித்து வந்தேன். ஆனால் தலைவர் இரண்டாம் முறையாகக் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

மண்டபங்களில் ஒலியளவைக் கட்டுப்படுத்தக் கோரும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. நகர்மன்றத் தலைவரிடம் இன்றே கொடுக்க வேண்டும் என்பதால், சுண்டல் வாங்கும் முன் கையெழுத்திடுங்கள். ஒலிபெருக்கித் தம்பி, ‘காலங்களில் அவள் வசந்தம்’ பாடலைப் போடுங்கள். இன்னும் கொஞ்சம் குறையுங்கள். இன்னும் கொஞ்சம்.