ஓட்டானியை வெச்சுக்கிட்டது தப்பா? 2023 ஏஞ்சல்ஸ் டெட்லைன்: சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. "2023 ஜூலையில ட்ரவுட், ரெண்டோன் மாதிரி பெரிய பேட்டருங்கன்னு பாதி அணி காயத்துல படுத்துக் கிடந்தது. அப்பவும் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் பேஸ்பால் அணி, பந்தும் வீசி பேட்டும் பிடிக்கிற ஓட்டானியை ஏன் விக்காம, மேல மேல ஆள் வாங்கினாங்க? வாங்கின ஆளுங்களையே ஒரு மாசத்துல ஏன் சும்மா தூக்கிக் கொடுத்தாங்க? அணிகள் ஆட்களை மாத்திக்கிறதுக்கான கடைசி நாள், அந்த டெட்லைன் முடிஞ்ச பிறகு அது எப்படி முடியும்?"

ஓட்டானியை வெச்சுக்கிட்டதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். விக்கறதில்லைன்னு முடிவான அதே ஜூலை 26-ம் தேதி பண்ணின இன்னொரு வேலைதான் தப்பு. அது எதுன்னு புரியணும்னா முதல்ல காயப்பட்டியலைப் படிக்கத் தெரியணும். யார் யார் பேர் இருக்குன்னு மட்டும் பார்த்தா போதாது, ஒவ்வொரு பேருக்கும் எதிர்ல ஒரு தேதி எழுதிப் பார்க்கணும். இவர் எப்போ திரும்புவார், திரும்பினா முழு பலத்தோட திரும்புவாரா?

மேல்மட்ட பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்ல காயப்பட்டியல் முக்கியமா மூணு வகை. பேட்டருக்கு 10 நாள், பிட்ச்சருக்கு (பந்து வீசுறவர்) 15 நாள், பெரிய காயத்துக்கு 60 நாள். ஆடத் தயாரா இருக்கிற பட்டியல்ல 26 பேர், அதுக்கு வெளியே சேர்த்து மொத்தம் 40 பேர். 10 நாள் பட்டியல்ல போட்டா 26-ல ஒரு இடம் காலியாகும். ஆனா 40-ல அந்த ஆள் உட்கார்ந்தேதான் இருப்பார். 60 நாள்ல போட்டாதான் 40-லயும் இடம் கிடைக்கும். அதனால ஒருத்தரை 60 நாளுக்கு மாத்திட்டாங்கன்னா, பத்திரிகையாளர் கூட்டத்துல மேனேஜர் என்ன சொன்னாலும் சரி, அவர் சீக்கிரம் வரமாட்டார்னு அர்த்தம்.

இப்போ ஏஞ்சல்ஸ் பட்டியலுக்கு வருவோம். கேட்ச்சர் (பிட்ச்சர் வீசுற பந்தைப் பிடிக்கிறவர்) லோகன் ஓ'ஹாப்பிக்கு ஏப்ரல்லயே இடது தோள்ல லேப்ரம்ங்கிற குருத்தெலும்பு வளையம் கிழிஞ்சு ஆபரேஷன். ஜியோ உர்ஷெலாவுக்கு ஜூன்ல இடுப்பெலும்பு முறிவு, சீசன் காலி. ஜூலை 4-ம் தேதி ரெண்டோன் அடிச்ச பந்து அவரோட கால் முன்னெலும்புலயே பட்டது. முதல்ல வெறும் அடின்னுதான் சொன்னாங்க, எலும்பு முறிவுன்னு செப்டம்பர்ல அவரே சொன்னார். அந்த சீசன்ல அவர் திரும்ப ஆடவே இல்லை. அதுக்கு முந்தின நாள், ஜூலை 3, சான் டியேகோவுல ட்ரவுட்டுக்கு இடது கை ஹமேட் எலும்பு முறிஞ்சது.

இந்த ஹமேட்டைக் கொஞ்சம் நிதானமா பார்க்கலாம், ஏன்னா டெட்லைன் கணக்கு முழுக்க இதுலதான் தொங்குது. வீட்டுல சப்பாத்திக் கட்டை இருந்தா எடுங்க. வலது கை பேட்டர் பிடிக்கிற மாதிரி இடது கை கீழ, வலது கை மேல. பேட்டோட அடியில குமிழ் மாதிரி ஒரு முனை இருக்கும். அது இடது உள்ளங்கையில எங்க அழுத்துதுன்னு பாருங்க. சுண்டுவிரலுக்கு நேர் கீழ, மணிக்கட்டுக்குச் சற்று மேல. கொக்கி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற ஹமேட் எலும்போட முனை சரியா அங்கதான் இருக்கு. பலமா சுத்தி பந்து சரியா படாம போனா, குமிழ் அந்தக் கொக்கியை இடிக்கும். யாரும் மோத வேண்டாம், விழ வேண்டாம், சுத்தினாலே முறியும். ட்ரவுட்டுக்கு ஒரு ஃபவுல் பந்து (ஆட்டக் கோட்டுக்கு வெளியே போற பந்து) அடிக்கும்போதுதான் ஆச்சு.

சிகிச்சை சுலபம்: முறிஞ்ச கொக்கியை எடுத்துடுவாங்க. அந்தத் துண்டு இல்லாமலே கை வேலை செய்யும். பொதுவா 4-ல இருந்து 8 வாரம்னு சொல்வாங்க. கேட்க நல்லாதான் இருக்கு. ஆனா காயம் ஆறினதும் பிடி இறுகாது. குமிழ் அழுத்துற அதே இடத்துலதான் ஆபரேஷன் பண்ணின இடமும் இருக்கு, ஒவ்வொரு சுத்துக்கும் அங்க வலிக்கும். பந்தைத் தொட முடியும், தூரம் போகாது. அதாவது ஆகஸ்ட் கடைசியில ட்ரவுட் வந்தாலும், வர்றது பழைய ட்ரவுட் இல்லை. நடந்ததும் அதுதான்: ஆகஸ்ட் 22 திரும்ப வந்தார், ஒரே ஒரு ஆட்டம், வலி தாங்காம மறுபடியும் பட்டியலுக்குப் போயிட்டார்.

ஜூலை 26 அன்னிக்கு இதெல்லாம் தெரியாதேன்னு கேப்பீங்க. ஒரே ஆட்டத்தோட நின்னு போவார்னு தெரியாது, வாஸ்தவம். ஆனா ஹமேட் ஆபரேஷனுக்கு அப்புறம் பலம் லேட்டா வரும்ங்கிறது எந்த அணியோட டாக்டருக்கும் தெரிஞ்ச விஷயம்.

சரி, அன்னிக்கு அணி எங்க நின்னுச்சு? டெட்லைன் ஆகஸ்ட் 1, கிழக்கு நேரம் சாயங்காலம் 6 மணி. அன்னிக்குக் காலையில கணக்கு 56 வெற்றி, 51 தோல்வி. மோசமில்லை. 2022-ல இருந்து ஒவ்வொரு லீக்லயும் 6 அணி பிளேஆஃப் போகுது, அதுல மூணு வைல்ட் கார்டு, அதாவது பிரிவுல முதலிடம் வராத அணிகள்ல அதிகம் ஜெயிச்சவை. 2023-ல ஏஞ்சல்ஸ் ஆடுற அமெரிக்கன் லீக்ல கடைசி வைல்ட் கார்டை டொரண்டோ 89 வெற்றியோட வாங்கிச்சு. 88 ஜெயிச்ச சியாட்டில் வெளியே. ஆக ஏஞ்சல்ஸுக்கு மிச்சம் 55 ஆட்டத்துல 33 ஜெயிக்கணும், 60 சதவீதம். ட்ரவுட் ஆடின நாட்களையும் சேர்த்தே அதுவரை 52 சதவீதம்தான் ஜெயிச்சிருந்தாங்க. அவரும் இல்லாம எட்டு சதவீதம் மேல ஏறணும். முடியவே முடியாதுன்னு இல்லை. ஆனா இந்த மாதிரி லாட்டரிச் சீட்டுக்கு எவ்வளவு பணம் கட்டுறோம்ங்கிறதுதான் கேள்வி.

இப்போ ஓட்டானி. 2018-ல இருந்து அங்க ஆடிக்கிட்டிருந்தார், 2023 சீசனோட ஒப்பந்தம் முடிய இருந்தது. இப்படி ஒப்பந்தக் கடைசி வருஷத்துல இருக்கிற ஆளை வாங்குறதுக்கு வாடகைக்கு எடுக்கிறதுன்னு பேர். வாங்குற அணிக்கு ரெண்டு மாசம்தான் கிடைக்கும். இன்னொரு நுணுக்கம்: சீசன் நடுவுல கை மாறின ஆளுக்கு குவாலிஃபையிங் ஆஃபர், அதாவது நிர்ணயிச்ச தொகைக்கு ஒரு வருஷ ஒப்பந்தம், கொடுக்க முடியாது. அதனால அவர் விலகிப் போனா, வாங்கின அணிக்கு ஈடா டிராஃப்ட் பிக் (புது இளம் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கிற ஒரு வாய்ப்பு) வராது. சீசன் முழுக்க தங்கிட்ட வெச்சிருந்த அணி அந்த ஆஃபர் கொடுத்து, அவர் வேண்டாம்னுட்டு வேற அணியில கையெழுத்துப் போட்டா ஒரு பிக் வரும். 2023-ல அந்த ஆஃபர் தொகை 2 கோடியே 3 லட்சத்து 25 ஆயிரம் டாலர்.

2014-க்கு அப்புறம் பிளேஆஃப் பார்க்காத அணி, உலகத்துலயே பெரிய ஆட்டக்காரர் கையில, அரங்கத்துக்கு அவரைப் பார்க்கத்தான் கூட்டம் வருது. அப்போ ஓனர் ஆர்ட்டி மொரேனோ. ஜெனரல் மேனேஜர் பெர்ரி மினாசியன். விக்காதது புரிஞ்சுக்கக் கூடியது. ஓட்டானியும் மறுநாளே பதில் சொன்னார்: ஜூலை 27, டெட்ராய்ட்ல ஒரே நாள்ல ரெண்டு ஆட்டம். முதல் ஆட்டத்துல ஒரே ஒரு ஹிட் விட்டு முழு ஆட்டமும் பந்து வீசி ஷட்அவுட் (எதிர் அணிக்கு ஒரு ரன்கூட இல்லை), ரெண்டாவதுல ரெண்டு ஹோம் ரன்.

அப்போ தப்பு எது? ஜூலை 26 ராத்திரி லூகாஸ் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபஸ் ரெண்டு பிட்ச்சரையும் சிகாகோ வைட் சாக்ஸ்கிட்ட வாங்கினாங்க. கொடுத்தது கேட்ச்சர் எட்கர் கெரோ, இடது கை பிட்ச்சர் கை புஷ். கெரோ அப்போ அந்த அணியோட மேலான இளம் ஆட்டக்காரர்கள்ல ஒருத்தர். வந்த ரெண்டு பேருமே வாடகைதான். ஜூலை 29 டொரண்டோவுல டெய்லர் வார்ட் முகத்துல பந்து பட்டு எலும்பு முறிஞ்சது, அவர் சீசனும் முடிஞ்சது. உடனே மறுநாள் கொலராடோகிட்ட இருந்து சி.ஜே. க்ரான், ரேண்டல் க்ரிச்சுக். கூரை ஒழுகுற இடத்துல எல்லாம் பாத்திரம் வைக்கிற மாதிரி. ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு ஆள், ஒவ்வொரு ஆளுக்கும் பண்ணையில, அதாவது இளம் ஆட்களை வளர்க்கிற கீழ்மட்ட அணிகள்ல, இருந்து ஒரு இளைஞன். ட்ரவுட், ரெண்டோன், உர்ஷெலா விட்டுப்போன ஓட்டையை எந்தப் பிட்ச்சராலும் அடைக்க முடியாது.

என்னைக் கேட்டா, நடுவுல ஒரு வழி இருந்தது. ஓட்டானியை வெச்சுக்கோ, ஆனா கெரோவை விடாதே. விலை குறைஞ்ச ஆள் ஒண்ணு ரெண்டு எடுத்துக்கிட்டு, அதிர்ஷ்டம் வந்தா வரட்டும்னு போகலாம். இல்லைன்னா முழுசா விக்கலாம். அதே டெட்லைன்ல நியூயார்க் மெட்ஸ் ஷெர்சர், வெர்லாண்டர் ரெண்டு பேரையும் வித்தாங்க, சம்பளத்துல பெரிய பங்கைத் தாங்களே கட்டி. ஏன் கட்டணும்? சம்பளப் பாரம் குறைஞ்சா எதிர் அணி நல்ல இளம் ஆளைக் கொடுக்கும். காசைக் கொடுத்து லூயிசாங்கல் அக்குன்யா, ட்ரூ கில்பர்ட், ரயன் கிளிஃபோர்டுன்னு ஆட்களை வாங்கினாங்கன்னே சொல்லலாம்.

ஏஞ்சல்ஸுக்கு ஆகஸ்ட் பிறந்ததும் சரிவு. ஏழு ஆட்டம் தொடர்ந்து தோல்வி. ஜியோலிட்டோ ரெண்டாவது ஆட்டத்துலயே அட்லாண்டாவுல 9 ரன் கொடுத்தார். ஆகஸ்ட் 3 சியாட்டிலுக்கு எதிரா ஓட்டானி நாலு இன்னிங்ஸ் ரன் விடாம வீசி, அப்புறம் ஹோம் ரனும் அடிச்சார். ஒன்பதாவது இன்னிங்ஸ்ல சியாட்டிலோட கேட் மார்லோ கிராண்ட் ஸ்லாம் (ஒரே அடியில நாலு ரன்) அடிச்சு 5-3-னு பிடுங்கிட்டுப் போனார். க்ரானும் முதுகு வலியில காயப்பட்டியலுக்குப் போனார். ஆகஸ்ட் 23, ட்ரவுட் திரும்பின மறுநாள், சின்சினாட்டிக்கு எதிரா ஓட்டானியோட வலது முழங்கை தசைநார் கிழிஞ்சது. அதே கைக்கு 2018-லயே அந்தத் தசைநாரைச் சரிபண்ற டாமி ஜான் ஆபரேஷன் ஆகியிருந்தது. அந்த மாசம் மொத்தம் 8 வெற்றி, 19 தோல்வி.

இப்போ கடைசிக் கேள்வி, டெட்லைனுக்கு அப்புறம் எப்படிக் கொடுத்தாங்க? 2019-க்கு முன்னாடி ஆகஸ்ட்லயும் வெய்வர் வழியா டிரேடு பண்ணலாம். அந்தக் கதவை மூடிட்டாங்க. ஆனா வெய்வர் மூடலை. ஒரு ஆளை வெய்வர்ல போட்டா, தோல்வி அதிகமான அணியில இருந்து வரிசையா ஒவ்வொரு அணிக்கும் கேட்க உரிமை. கேட்டவங்கள்ல வரிசையில முன்னாடி இருக்கிற அணிக்கு ஆள் போவார், மிச்ச சம்பளத்தை அவங்க கட்டணும். பதிலுக்கு யாரையும் கொடுக்க வேண்டாம். ஆகஸ்ட் 31 ராத்திரிக்குள்ள அணியில சேர்ந்தாதான் பிளேஆஃப் ஆட முடியும்ங்கிறதால, ஆகஸ்ட் 29 அன்னிக்கு ஆறு பேரைப் போட்டாங்க: ஜியோலிட்டோ, லோபஸ், மேட் மூர், ஹன்டர் ரென்ஃப்ரோ, க்ரிச்சுக், டொமினிக் லியோன். முதல் மூணு பேரையும் கிளீவ்லாந்து எடுத்துக்கிச்சு. ரென்ஃப்ரோ சின்சினாட்டிக்கு, லியோன் சியாட்டிலுக்கு. க்ரிச்சுக்கை யாரும் கேட்கலை. (எடுத்த மூணு அணியும் பிளேஆஃப் போகலை, அது தனி வேடிக்கை.)

ஏன் பண்ணினாங்கன்னா லக்ஷுரி டாக்ஸ், அணியோட மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினா கட்ட வேண்டிய வரி. 2023-ல வரம்பு 23 கோடியே 30 லட்சம் டாலர். காயத்துல படுத்திருந்தாலும் சம்பளம் முழுசா அதுல ஏறும். ட்ரவுட் ஒப்பந்தம் 12 வருஷத்துக்கு 42.65 கோடி, ரெண்டோன் 7 வருஷத்துக்கு 24.5 கோடி. வருஷ சராசரி போட்டா ரெண்டு பேருக்கும் சேர்த்து 7 கோடிக்கு மேல, வரம்புல பத்துல மூணு பங்கு. அதுக்கு மேல டெட்லைன்ல வாங்கின ஆளுங்க சம்பளம் ஏறினதும் கோட்டைத் தாண்டிட்டாங்க. முதல் தடவை தாண்டினா மிகையான தொகைக்கு 20 சதவீதம்தான் வரி, அது பெரிசில்லை. வலி வேற இடத்துல. வரம்புக்குக் கீழ இருந்தா ஓட்டானிக்கு ஈடா வர்ற பிக் ரெண்டாவது சுற்று முடிஞ்சதும் வரும். தாண்டியிருந்தா நாலாவது சுற்றுக்குப் பின்னாடி.

கணக்கு எப்படின்னா, ஜியோலிட்டோ வருஷச் சம்பளம் 1 கோடியே 4 லட்சம். சீசன் 186 நாள், செப்டம்பர் 1-ல இருந்து மிச்சம் 31 நாள், ஆறுல ஒரு பங்கு. அவர் போனா சுமார் 17 லட்சம் குறையும். ரென்ஃப்ரோ 1 கோடியே 19 லட்சம், அவர்கிட்ட சுமார் 20 லட்சம். இப்படிச் சில்லறையா தட்டிக் கொட்டித்தான் கோட்டுக்குக் கீழ இறங்கினாங்க.

அப்போ வரவு செலவைப் பாருங்க. ஜியோலிட்டோ ஏஞ்சல்ஸுக்கு 6 ஆட்டம் தொடங்கினார், இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்ட சராசரி ரன்) 6.89. அணி முடிவுல 73 வெற்றி, 89 தோல்வி. டிசம்பர்ல ஓட்டானி பக்கத்துலயே இருக்கிற டாட்ஜர்ஸுக்கு 10 வருஷம், 70 கோடி டாலர்னு கையெழுத்துப் போட்டார். ஈடா 2024 டிராஃப்ட்ல 74-வது பிக் கிடைச்சது. அதுல ரயன் ஜான்சன்னு ஒரு பிட்ச்சரை எடுத்தாங்க. கெரோ 2025-ல வைட் சாக்ஸுக்கு கேட்ச்சரா ஆட ஆரம்பிச்சுட்டார்.

ஒரு சின்ன துணைக்கேள்வி, ஆகஸ்ட்ல டிரேடே கிடையாதான்னு. இருக்கு. அந்த வருஷம் 40 பேர் பட்டியல்ல ஒரு நாள்கூட இல்லாத, மைனர் லீக் (கீழ்மட்ட லீக்) ஒப்பந்தத்துல இருக்கிற ஆளை மாத்திக்கலாம். பெரிய பேர் எதுவும் அந்த வழியில வராது. ஓகே, அடுத்த கேள்வி.