புது ஆம்ப்பும் அந்தப் பாழாய்ப் போன மாஸ்டர் குமிழும்

வணக்கம் மக்களே! ஆமாம், எனக்குப் பின்னால் கறுப்பாக உட்கார்ந்திருக்கிறதே, அதுதான். என் புது கிடார் ஆம்ப், அதாவது கிடாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, வந்துவிட்டது. 15 வாட், டியூப் (பழைய ரேடியோக்களில் ஒளிருமே, அந்தக் கண்ணாடிக் குழாய்), 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. என்ன மாடல் என்று போன வீடியோவிலிருந்தே துளைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சொல்ல மாட்டேன். இன்றைக்கு இதைத் திட்டப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

திட்டை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த மாஸ்டர் வால்யூம், மொத்தச் சத்தத்தையும் ஆளும் குமிழ். கேமராவைப் பக்கத்தில் கொண்டு வருகிறேன், பாருங்கள். குமிழின் மேல் வெள்ளைக் கோடு தெரிகிறதா? இப்போது பூஜ்யத்தில் இருக்கிறது. கிடாரில் ஒரு கார்டு, சில சுரங்களைச் சேர்த்து, அடிக்கிறேன். சத்தமில்லை. மெதுவாகத் திருப்புகிறேன். இல்லை. இன்னும் இல்லை. கோடு ஒன்று என்ற எண்ணைத் தொட்டேவிட்டது, அப்போதும் மூச்சில்லை. இதோ, இன்னும் ஒரு மயிரிழை...

(ஆம்ப் அலறுகிறது)

கேட்டதா? ஒன்று ஊமை, இல்லையென்றால் இடி. நடுவில் எதுவுமே கிடையாது! இந்த மயிரிழைக்குள்தான் நான் ராத்திரி வாசிக்க வேண்டுமாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பூட்டை உடைக்கிறவன் மாதிரி விரல் நுனியால் திருப்புகிறேன். ஒருமுறை சரியான இடத்தில் நின்றது, தும்மினேன், போய்விட்டது.

ஏன் இப்படி? நம் காதுக்குப் பெருக்கல் கணக்குதான் புரியும். வாட் பத்து மடங்கு ஏறினால்தான் சத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தோன்றும். அதனால் ஆரம்பத்தில் மெதுவாக ஏறி, போகப்போக வேகமெடுக்கும் குமிழைப் போடுவார்கள். அதற்கு ஆடியோ டேப்பர் என்று பெயர். சீராக ஏறும் லீனியர் குமிழைப் போட்டால் சத்தம் முழுக்கத் தொடக்கத்திலேயே கொட்டிவிடும். இதில் எது இருக்கிறது என்று திறந்து பார்க்க மாட்டேன். டியூப் ஆம்ப்பின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில், அதாவது மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாகத்தில், ஆளைக் கொல்லும் வோல்ட்டேஜ் நிற்கும். நீங்களும் திறக்காதீர்கள்.

"5 வாட் வாங்கியிருக்கலாமே" என்று எழுத யாரோ இப்போதே விரலைத் தீட்டிக்கொண்டிருப்பீர்கள். தெரியும். 15 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் 5 டெசிபல் வித்தியாசம்கூட இல்லை ஐயா! கிடார் ஸ்பீக்கர்கள் பலவும் ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில், 97 முதல் 100 டெசிபல் வரை கொடுப்பவை. வீட்டில் 5 வாட்டும் கத்தத்தான் செய்யும்.

சரி, இதற்கு வழி என்ன? இதோ என் கண்ணே, இந்தக் குட்டிப் பெட்டி. ஒரே ஒரு குமிழ், பேட்டரிகூட வேண்டாம், வெறும் வால்யூம் பெட்டி. ஆம்ப்பின் பின்னால் எஃபெக்ட்ஸ் லூப் இருக்கிறதல்லவா, ஒலியை வெளியே எடுக்க செண்ட், மறுபடி உள்ளே விட ரிட்டர்ன் என்று இரண்டு துளைகள்? செண்டிலிருந்து ஒரு கேபிள் பெட்டிக்குள், பெட்டியிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு கேபிள். அவ்வளவுதான். இப்போது மாஸ்டரைப் பன்னிரண்டு மணி நிலைக்கு, அதாவது கோடு நேர் மேலே பார்க்கும்படி, தூக்கி வைத்துவிட்டு, சத்தத்தைப் பெட்டியில் குறைக்கிறேன். பாருங்கள், எவ்வளவு நிதானமாக ஏறுகிறது! கை பாதிச் சுற்று திரும்புகிறது, பாதிச் சுற்று! நேற்று முழுக்க வாசிப்பதை விட்டுவிட்டு இதைத் திருப்பித் திருப்பியே உட்கார்ந்திருந்தேன். சும்மா ஏற்றுவது, சும்மா இறக்குவது. அப்படி ஒரு சந்தோஷம்.

மறந்துவிட்டேன், லூப் சீரியலாக, அதாவது ஒலி முழுதும் அதன் வழியே போவதாக, இருக்க வேண்டும். சில ஆம்ப்களில் பேரலல் லூப் இருக்கும். அதில் ஒலியின் ஒரு பங்கு பெட்டியைத் தொடாமல் நேராகப் போய்விடும், முழுதாகக் குறையாது. மேனுவலைப் பாருங்கள். ஆமாம், நான்தான் சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

இனி டோன், அதாவது ஒலியின் நிறம். ஆம்ப்பை ஸ்டூலில் ஏற்றிப் பின்பக்கம் சாய்த்து வைத்திருக்கிறேன், கவனித்தீர்களா? ஸ்பீக்கரின் ட்ரெபிள், அதாவது கூர்மையான மேல் ஒலி, எல்லாப் பக்கமும் பரவாது, நடுவிலிருந்து நேர்க்கோட்டில் பாயும். ஆம்ப் தரையில், நீங்கள் நின்றுகொண்டு என்றால் அது உங்கள் முழங்காலுக்குத்தான் போகும். மந்தமாக இருக்கிறதே என்று ட்ரெபிளை ஏற்றுவீர்கள்; எதிரே உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். ஸ்பீக்கரைக் காதைப் பார்த்துத் திருப்பியபின் ட்ரெபிளை மூன்றுக்கு இறக்கிவிட்டேன், அப்போதும் தெளிவாக இருக்கிறது. அறை மூலையிலும் வைக்காதீர்கள். சுவர்கள் பேஸை, அதாவது கனமான கீழ் ஒலியை, ஊதிவிடும், கீழ் ஈ கம்பி, இருப்பதிலேயே தடித்தது, கும்மென்று அடைக்கும்.

அப்புறம் இந்த "எல்லாக் குமிழும் பன்னிரண்டு மணி" கூட்டம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்! அதுதான் ஃப்ளாட், எதையும் கூட்டாத குறைக்காத நிலை, என்று யார் சொன்னது? ஃபெண்டர் என்ற ஆம்ப் கம்பெனியின் வழிவந்த டோன் சர்க்யூட்டில் அப்படி வைத்தால் நடு ஒலியில், மிட் என்பார்களே, அதில் பள்ளம் விழும். ட்ரெபிளையும் பேஸையும் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு இறக்கி, மிட்டை முழுக்க ஏற்றினால்தான் ஃப்ளாட்டுக்குப் பக்கத்தில் வரும். மார்ஷல் கம்பெனி 1962-ல் ஆம்ப் செய்யத் தொடங்கியதே ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்ப் சர்க்யூட்டை வைத்துத்தான், அங்கேயும் இதே கதை. ஒரு குமிழைத் தொட்டால் மற்ற இரண்டின் வேலையும் மாறும். ஆகவே நான் மிட்டிலிருந்து தொடங்குவேன். மிட் ஏழு. கிடார் குடியிருப்பதே மிட்டில்தான். அதைப் பூஜ்யமாக்கிவிட்டு "டோன் வரவில்லை" என்று அழுகிறவர்களிடம் எனக்குப் பேச்சே கிடையாது.

பேஸ் மட்டும் கொஞ்சம் ஏற்றியிருக்கிறேன், காரணம் இருக்கிறது. சத்தம் குறையக் குறைய நம் காது பேஸை முதலில் கைவிடும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே இதை அளந்து வரைபடம் போட்டுவிட்டார்கள். வீட்டுச் சத்தத்தில் இனிக்கிற செட்டிங், நண்பர்களோடு சேர்ந்து சத்தமாக வாசிக்கும் ஜாமில் ஊதிப்போவதும் இதனால்தான். குமிழ்களின் ஓரத்தில் டேப் துண்டு ஒட்டியிருக்கிறேன் பாருங்கள், நீலம் வீட்டுக்கு, சிவப்பு ஜாமுக்கு.

கெயின், அதாவது கரகரப்பைக் கூட்டும் குமிழ், நான்கு, அதற்கு மேல் வேண்டாம். கெயினை வாரி ஏற்றிச் சத்தத்தைக் குறைத்தால் வெறும் கரகரப்புதான் மிஞ்சும், பிக், அந்த மீட்டும் துண்டு, கம்பியில் படுகிற அந்த 'டக்' செத்துவிடும். இன்னும் கொஞ்சம் சுத்தமாக வேண்டுமா? ஆம்ப்பைத் தொடாமல் கிடாரின் வால்யூமை ஏழுக்கு இறக்குங்கள். கரகரப்பு விலகும். ட்ரெபிளும் கொஞ்சம் மங்கும், எனக்கு அது பிடிக்கும். எதிரொலி மாதிரி வரும் ரிவர்ப் பற்றிக் கேட்காதீர்கள், கிணற்றுக்குள் உட்கார்ந்து வாசிக்க எனக்கு விருப்பமில்லை.

ஐயையோ, முக்கியமானது! ஆம்ப்பை ஸ்டூலில் ஏற்றினேன் என்றேனே, தூக்கும்போது பின்னால் ஸ்பீக்கர் கேபிள் பாதி கழன்று தொங்கியது. டியூப் ஆம்ப்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிப்போகலாம். இடம் மாற்றினால் அந்த பிளக்கை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஸ்விட்சில் கை வைக்க வேண்டும்.

சரி, பேச்சு போதும். முதலில் கழுத்துப் பக்கத்து நெக் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பாகம்), அப்புறம் கம்பிகள் முடியும் பக்கத்து பிரிட்ஜ் பிக்கப், குமிழ்களைத் தொடாமல் வாசிக்கிறேன். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். கீழ் ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ், உங்கள் போன் ஸ்பீக்கருக்கு அது எட்டாது. போனில் கேட்டுவிட்டு "பேஸ் எங்கே" என்று எழுதினால் பதில் போட மாட்டேன்.