ஓரியனின் தூரத்தைச் சொன்ன இளம் விண்மீன்கள்

நண்பர்களே, திருவாதிரை நட்சத்திரம் உங்களுக்குத் தெரியும். அது இருக்கிற ஓரியன் கூட்டத்தின் நடுவே மூன்று விண்மீன்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்குச் சற்றுத் தெற்கே புகை படிந்தாற்போல ஒரு திட்டு தெரியும். அதுதான் ஓரியன் நெபுலா, விண்மீன்கள் பிறக்கும் வாயு, தூசி மேகம். சுமார் பத்து லட்சம் ஆண்டே வயதான விண்மீன்கள் அங்கே மொய்த்துக் கிடக்கின்றன.

2003 ஜனவரி 20 அன்று அவற்றில் ஒன்று பொங்கியது. ஜி.எம்.ஆர்-ஏ என்று பெயர். அதன் ரேடியோ ஒளி சில மணி நேரத்தில் ஐந்து மடங்குக்கு மேல் ஏறியது. யாரும் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை, தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. நம் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா விண்கலமும் அந்த நாட்களில் ஓரியனையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் முன்பே அதே விண்மீன் எக்ஸ் கதிரில் பத்து மடங்கு பிரகாசித்ததை அது பதிவு செய்திருந்தது!

ஏன் இந்தக் கொந்தளிப்பு? இளம் விண்மீன்கள் வேகமாகச் சுழல்பவை, உள்ளே கொதித்துப் புரள்பவை. அதனால் அவற்றின் காந்தப்புலம் ஆயிரக்கணக்கான காஸ் (காந்தப்புல வலிமையின் அலகு) அளவுக்கு ஏறிவிடுகிறது. சூரியனில் கரும்புள்ளிகளில் மட்டும் காணும் வலிமை அது. இங்கே பரப்பின் பெரும்பகுதியிலும் இருக்கிறது. காந்தக் கோடுகள் முறுகி, அறுந்து, மறுபடி இணையும்போது எலக்ட்ரான்கள் ஒளிவேகத்தை நெருங்கப் பாய்கின்றன. காந்தக் கோட்டைச் சுற்றிச் சுற்றி ஓடுகிற அந்த எலக்ட்ரான்கள்தான் ரேடியோ அலையை உமிழ்கின்றன. தூசி மறைத்தாலும் அந்த அலை நம்மை வந்து சேரும்.

சரி, இதனால் என்ன பயன்? இந்த ரேடியோ ஒளி விண்மீனை ஒட்டிய மிகச் சிறிய இடத்திலிருந்து வருகிறது. அதனால் அதன் இடத்தை அபாரத் துல்லியத்தோடு குறிக்கலாம். ஒரு விரலை நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள், விரல் நகரும். பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீனும் அப்படி இம்மியளவு நகர்வதாகத் தெரியும். தூரம் கூடக் கூட நகர்வு குறையும், ஆகவே நகர்வை அளந்தால் தூரம் தெரியும். ஹவாயிலிருந்து கரீபியன் தீவு வரை பரவிய பத்து ரேடியோ தொலைநோக்கிக் கிண்ணங்களால் அந்த நகர்வை அளந்தார்கள். அளக்கப்பட்ட நான்கு விண்மீன்களில் நம் ஜி.எம்.ஆர்-ஏவும் ஒன்று. 2007இல் விடை வந்தது: ஓரியன் நெபுலாவின் தூரம் சுமார் 1,350 ஒளியாண்டு.

அதற்கு முன் 1,500க்கு மேல் என்று கணக்கிட்டிருந்தார்கள். பக்கத்தில் இருக்கிறது என்றால், அந்த விண்மீன்களின் உண்மையான பிரகாசம் நினைத்ததைவிடக் குறைவு. இளம் விண்மீன் வயது ஏற ஏறச் சுருங்கி மங்குவது. ஆகவே ஓரியன் குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே அடியாக வயது கூடிவிட்டது.