படம் போடுங்கள், சொல் நிற்கும்

நடுவர் அவர்களே, மொரிசியசின் மோக்காவில் கூடியிருக்கும் உறவுகளே, வணக்கம். 'மாணவர் மனத்தில் சொல் நிலைக்கப் பெரிதும் உதவுவது படமா, எழுத்துப் பயிற்சியா?' இதுதான் தலைப்பு. நான் படத்தின் பக்கம்.

எனக்கு முன் பேசிய அக்கா, "பத்துத் தடவை எழுதினால் தானாக மனத்தில் நிற்கும்" என்றார். நிற்கும் அக்கா, வெள்ளிக்கிழமைத் தேர்வு வரைக்கும்! நம் மொரிசியசில் பெரும்பாலான வீடுகளில் பிள்ளை பேசுவது கிரியோல். பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழ் அதற்கு அப்புறம்தான். காதில் விழாத சொல்லைப் பத்துத் தடவை எழுதினால் கைதான் வலிக்கும்.

தைப்பூசக் காவடிப் புகைப்படம் ஒன்றை வகுப்பில் மாட்டுங்கள். அந்த ஊர்வலத்தைப் பார்க்காத பிள்ளை இங்கே அபூர்வம். விரலை வைத்துக்கொண்டே போகலாம்: மயிலிறகு, செம்பு, பால், எலுமிச்சம்பழம், அலகு, வெறுங்கால், வெயில். நடுவில் கிரியோலுக்கு வேலையே இல்லை. அதே வகுப்பில், இந்தியாவிலிருந்து வந்த அட்டையில் ஆட்டோ ரிக்‌ஷாவைக் காட்டினால், நம் பிள்ளை படத்துக்கே விளக்கம் கேட்பான். அது படத்தின் குற்றமா? எடுத்து வந்தவர் குற்றம்.

இது புதுப் பழக்கமும் இல்லை. லத்தீன் சொற்களைக் கற்பிக்க, கொமேனியஸ் என்ற ஐரோப்பியக் கல்வியாளர் 1658இலேயே ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் படப்புத்தகம் வெளியிட்டார். 2016இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாணவர்களைச் சோதித்தார்கள். எழுதிய சொற்களைவிட, வரைந்து பார்த்த சொற்களே அதிகம் நினைவில் நின்றன. கோணல்மாணலாக வரைந்தாலும் பலன் குறையவில்லை. என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு இது பெரிய ஆறுதல்!

"சரி, பொறுமைக்கு என்ன படம் போடுவீர்கள்?" என்று எதிரணி மடக்கியது. நல்ல கேள்விதான். ரோஸ்ஹில்லில் பஸ்ஸுக்கு நிற்கும் வரிசையை வரைவேன். ஒருவன் "காத்திருக்கிறார்கள்" என்பான். இன்னொருத்தி "இல்லை, கோபம்" என்பாள். கடைசியில் நிற்கும் பாட்டியைக் காட்டி, "இவர்?" என்று கேட்பேன். சண்டை தமிழில் நடந்தால் எனக்குப் போதும்.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படத்தை மூடிவிட்டுச் சொல்லைக் கேட்பதும் பயிற்சிதான். ஆனால் மூடுவதற்கே முதலில் ஒரு படம் வேண்டுமே!

அடுத்துப் பேச வரும் அண்ணனுக்கு ஒரு வேலை தருகிறேன். படம் காட்டாமல், கிரியோலில் சொல்லாமல், மயிலிறகு என்றால் என்னவென்று ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரியவையுங்கள். கையை விரித்துத் தோகை காட்டினால், அதையும் படத்தின் கணக்கில்தான் சேர்க்க வேண்டும், நடுவர் அவர்களே!