கைமாறிய வித்து

(கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமமொன்றின் சனசமூக நிலையத்தில், புரட்டாதி மாதத்தில், வீட்டுத்தோட்டம் செய்வோர் விதை மாற்றிக்கொள்ளக் கூடிய நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

பெரியோர்களே, தாய்மார்களே,

மேடைக்கு வருமுன் வெளியே வேப்பமரத்தின் கீழ் போட்டிருக்கும் மேசையை ஒருமுறை சுற்றிவந்தேன். நீங்கள் கொண்டுவந்து வைத்த பொதிகளை எண்ணினேன். நாற்பதுக்கு மேல் இருந்தன. கொப்பித்தாளில் சுருட்டியவை, மருந்துக்கடை உறையில் போட்டவை, சோடாப் போத்தலில் அடைத்தவை, ஒன்றிரண்டு பனையோலைக் குட்டானில் இட்டவை என்று மேசை நிறைந்திருந்தது. ஆனால் பதினொரு பொதிகளின்மீது 'கத்தரி' என்ற ஒரே சொல்தான் எழுதப்பட்டிருந்தது; ஏழில் அதுவுமில்லை. நான் பேச வந்தது பெரும்பாலும் அந்தப் பதினெட்டுப் பொதிகளைப் பற்றியது. கொண்டுவந்தவர்கள் கோபிக்க வேண்டாம். அவற்றுள் ஒன்றை வைத்தவர் என் வீட்டம்மா.

விதை கைமாறுவது வன்னியில் எவரும் வந்து கற்றுத்தந்த வழக்கமன்று. தை மாசியில் ஒரு வீட்டுப் பந்தலில் பயற்றை நன்றாகத் தொங்கினால், வேலிக்கு அப்பால் நிற்பவர் "அக்கா, முற்றவிட்டு எனக்கும் நாலு வித்துத் தாங்கோ" என்று கேட்பார். அடுத்த மாரிக்கு அவர் வீட்டு வெண்டி அதே அக்காவின் வளவுக்குப் போகும். கணக்கு எழுதுவதில்லை, ஆனாலும் வாங்கியவர் ஒன்றும் திருப்பித் தராவிட்டால் அது நெடுநாள் நினைவிலிருக்கும். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபின் விதை கொடுக்காத வீடுகளை நான் அறிவேன். பூமரத் தடியைக் கேட்டு வாங்கி நட்டால் பட்டுப்போகும், களவெடுத்து நட்டால்தான் தழைக்கும் என்று நம்பியவர்களையும் அறிவேன். அந்த நம்பிக்கையால் எங்கள் வாசலிலிருந்த செவ்வரத்தை பலமுறை மொட்டையானது.

2002ஆம் ஆண்டில் ஏ-9 வீதி திறந்து, வவுனியாவுக்குப் போய்வருவது ஓரளவு எளிதானபோது, என் தாயார் தம் தங்கையைப் பார்க்கப் போகையில் எங்கள் வீட்டுப் பயற்றை விதையில் ஒரு கைப்பிடி எடுத்துச் சென்றார். பாதி வெள்ளையும் பாதி மண்ணிறமுமான அந்த விதை எங்கள் வளவுக்கு எப்போது வந்தது என்று அவருக்கும் தெரியாது. மிகுதி, அடுப்படிப் பறணில் புகைபடும் இடத்தில் பால்மா ரின்களுக்குள் இருந்தது. 2008இன் பிற்பகுதியில் வீட்டை விட்டு வெளியேறினோம். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, பின்னர் கடற்கரை என்று நகர்ந்த அந்த மாதங்களில் எதைச் சுமந்தோம், எதை விட்டோம் என்பதை இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. செட்டிகுளத்து முகாமிலிருந்து 2010இல் திரும்பி வந்தபோது பறணும் இல்லை, அது இருந்த அடுப்படியும் இல்லை. நிவாரணமாகத் தந்த விதைப் பைக்கற்றுகளைப் போட்டோம். அவை காய்த்தன, கறிக்கு உதவின, அந்த நன்றியை மறக்கக்கூடாது. மறு ஆண்டு சின்னம்மா எங்களைப் பார்க்க வந்தார். சீலைத்துண்டில் முடிந்து கொண்டுவந்ததை அவர் அவிழ்த்தபோது உள்ளே பாதி வெள்ளை, பாதி மண்ணிறம். ஒன்பது ஆண்டுகள் தவறாமல் விதைத்து, முற்றவிட்டு, எடுத்து வைத்திருந்தார். நாங்கள் பத்திரப்படுத்தியது போயிற்று. கொடுத்துவிட்டு மறந்த கைப்பிடி மிஞ்சியிருந்தது.

இதையே உலக அளவிலும் செய்கிறார்கள். சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே, வறண்ட நிலப் பயிர்களை ஆராயும் இக்கார்டா என்னும் அனைத்துலக நிலையம் பெரிய விதை வங்கியொன்றை வைத்திருந்தது. அதிலுள்ள விதைகளின் மறுபடிகளை, 2008இல் நோர்வேயின் சுவால்பார்ட் தீவுக்கூட்டத்தில் திறக்கப்பட்ட காப்பகத்துக்கு, பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியஸ் குளிரில் வைப்பதற்காக அனுப்பி வந்தது. போரினால் அலெப்போவில் வேலை நடவாமற் போனபோது, 2015இல் அவற்றில் ஒரு பகுதியை மீளப் பெற்று, லெபனானிலும் மொறோக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள்; அந்தக் காப்பகத்திலிருந்து விதை வெளியே எடுக்கப்பட்டது அதுவே முதல் தடவை. அவர்களுக்கு சுவால்பார்ட், எங்களுக்குச் சின்னம்மா. எனவே நல்ல விதையொன்று உங்களிடம் இருந்தால் அது மூன்று வீடுகளிலாவது இருக்கட்டும். அந்த மூன்று வீடுகளும் ஒரே ஒழுங்கையில் இல்லாமலிருந்தால் இன்னும் நல்லது.

ஆயினும், சின்னம்மாவின் கவனத்தோடு பயற்றம்பூவின் அமைப்பும் சேர்ந்தபடியால்தான் அந்த விதை மாறாமல் திரும்பி வந்தது. பயற்றை, உழுந்து, பயறு, நிலக்கடலை, தக்காளி போன்றவற்றின் பூ, பெரும்பாலும் தன் மகரந்தத்தையே தான் ஏற்றுக்கொண்டு காய்க்கும். அடுத்த பாத்தியில் வேறு இனம் நின்றாலும் பெரிதாகக் கலப்பதில்லை. கத்தரி, மிளகாய், வெண்டி ஆகியவையும் தம்மளவில் காய்க்கக்கூடியவைதான், ஆனால் தேனீ வந்தால் கலக்கும். கறிமிளகாய் விதையை எடுத்து விதைத்துவிட்டு, "இந்த முறை ஏன் இப்படி உறைக்கிறது?" என்று கேட்பவரின் வளவில், முந்திய ஆண்டு பக்கத்திலேயே உறைப்பு மிளகாய் நின்றிருக்கும். விதைக்கென்று விடும் செடிக்குப் பழைய நுளம்பு வலைத் துண்டொன்றைப் பூக்குமுன் போர்த்திவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பந்தற்கொடிகள்தாம் நம்மை ஏமாற்றுபவை, சுரையில் நானே ஏமாந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் என் வேலியில் நீண்ட வெள்ளைச் சுரை படர்ந்தது. நல்ல காய், நாங்களும் உண்டோம், அயலுக்கும் கொடுத்தோம், முற்றிய காயின் விதையை நான்கு வீடுகளுக்குப் பகிர்ந்தேன். வளவுக்குப் பின்னாலுள்ள பற்றைக்குள், தானாக முளைத்துக் கசக்கும் பேய்ச்சுரை படர்ந்திருந்ததைக் கண்டிருந்தும் பொருட்படுத்தவில்லை. அடுத்த ஆண்டு, விதை வாங்கிய ஒரு வீட்டில் காய்த்த சுரை கசந்தது. தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தால் கசப்பு அடங்கும் என்று நினைத்துச் சமைத்தார்கள். அதை உண்ட பிள்ளை இரவு முழுவதும் வாந்தியெடுத்தான். கசக்கும் சுரையிலுள்ள குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள் சமைப்பதால் அழிவதில்லை என்பதை அன்று அந்த வீட்டாரும் அறியவில்லை, விதை கொடுத்த நானும் சொல்லவில்லை. பிள்ளை தேறிவிட்டான். என்னை அவர்கள் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது.

என் காய் இனித்தபோதே அதற்குள் பேய்ச்சுரையின் கலப்பு நடந்திருந்தது; அவர்களின் காய் கசந்தது அதனால்தான். காயின் சதை தாய்க்கொடிக்கு உரியது. வண்டு எங்கிருந்து மகரந்தம் கொண்டுவந்தாலும் அந்த ஆண்டில் சதை மாறாது. உள்ளே இருக்கும் விதைதான் இரண்டு பெற்றோருக்கும் பிறந்தது. அதன் குணம், அது முளைத்துக் காய்க்கும்போதுதான் வெளிப்படும். ஆகவே "நாங்கள் உண்டு பார்த்த காய், நல்ல விதை" என்று கொடுப்பவர் உறுதி சொல்வது, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், இந்தக் கொடிகளில் செல்லாது. பூசணி மற்றொரு பூசணியோடு கலக்கும், நீற்றுப்பூசணியோடு கலக்காது. பாகலும் புடலும் ஒன்றோடொன்று கலக்கா. சுரை பேய்ச்சுரையோடு கலக்கும். தூய விதை வேண்டுமானால், மறுநாள் மலரப்போகும் ஆண் பூவையும் பெண் பூவையும் முந்திய நாளே நூலால் கட்டிவிட்டு, மலரும் வேளையில் அவிழ்த்து, ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவி, மீண்டும் கட்டிவிட வேண்டும். அந்த வேளை கொடிக்குக் கொடி வேறு: பூசணி விடியலில் மலரும், வெயில் ஏறுமுன் வேலை முடிந்துவிட வேண்டும், சுரை மாலையில் மலரும், விளக்கு வைக்கும் நேரத்தில் பந்தலடிக்குப் போக வேண்டும். கட்டிய காய்க்குச் சீலைத்துண்டால் அடையாளம் இடுங்கள். விதைக்காய் எது என்பதை நமக்கு முன்னே குரங்குகள் அறிந்துகொள்வதற்கு என்ன செய்வதென்று கேட்காதீர்கள்; அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

கடைப் பைக்கற்றில் 'எஃப்-1' என்று அச்சிட்டிருந்தால் அது கலப்பினம். அதை விதைத்துக் காய் பறிப்பதில் ஒரு குறையுமில்லை. அதன் விதையை எடுத்து மேசையில் வைப்பதில்தான் குறை, ஏனென்றால் பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நிற்கும்.

காயவைப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கலப்பினால் கெடுவதைவிட ஈரத்தால் கெடும் விதையே நம் வீடுகளில் அதிகம். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறையும்போதும், வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 பாகை குறையும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்று ஹரிங்டன் என்ற அமெரிக்க விதையியலாளர் ஒரு கணக்கைச் சொல்லிவைத்தார். வன்னியின் வெப்பத்தைக் குறைப்பது நம் கையில் இல்லை, ஈரத்தைக் குறைக்கலாம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் விதை தானாகவே காய்ந்துவிடும். ஐப்பசியில் மழை இறங்கியதும், காகிதப் பொதியிலிருக்கும் விதை காற்றிலுள்ள ஈரத்தைத் திரும்பக் குடிக்கும். சித்திரையில் கல்லுப்போல் இருந்த விதை மார்கழியில் பூசணம் பிடிப்பது இதனால்தான். எனவே முதல் மழைக்கு முன்பே இறுக மூடும் போத்தலுக்குள் மாற்றி, அடியில் வறுத்து ஆறிய அரிசியை ஒரு துணியில் முடிந்து போடுங்கள். நண்பகலில் சீமெந்து முற்றத்தில் பரப்பாதீர்கள். அந்தச் சூட்டில் முளை செத்துவிடும். காலை வெயிலில் சுளகிலோ பாயிலோ பரப்பி, பின் நிழலில் ஆறவிடுவது போதும். பூசணி விதை வளைந்தால் ஈரம் இருக்கிறது, மடக்கும்போது ஒடிந்தால் காய்ந்துவிட்டது.

பயற்றையிலும் கௌபீயிலும் வண்டு போத்தலுக்குள் எப்படிப் புகுந்தது என்று பலர் வியக்கிறார்கள். அது வெளியிலிருந்து வருவதில்லை. தோட்டத்தில் காய் நிற்கும்போதே முட்டையிட்டுவிடுகிறது. நம் பாட்டிமார் சலித்த சாம்பலைத் தாராளமாகக் கலந்து வைத்தது சரியான மருந்து: விதைகளுக்கிடையே சாம்பல் நிறைந்தால் வண்டால் நகரவும் முடியாது, முட்டையிடவும் இடமிராது. சாம்பல் படிந்த பொதியை யாராவது தந்தால் அழுக்கென்று முகம் சுளிக்காதீர்கள்.

ஆடியில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் உறவினர் அழகான பைக்கற்றுகளைக் கொண்டுவந்து தருவதுண்டு. 1999ஆம் ஆண்டின் பயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி விதையை நாட்டுக்குள் கொண்டுவர அனுமதிப்பத்திரம் தேவை. அது வீண் கெடுபிடியன்று, விதையோடு நோயும் வரும் என்பதால் வைத்த காவல். அதுபோக, அங்குள்ள பெரிய வெங்காயம் பதினான்கு மணி நேரப் பகலைக் கண்டால்தான் கிழங்கு கட்டும். நம் ஆனி மாதப் பகலே பன்னிரண்டே முக்கால் மணியை எட்டாது. அதற்கு எதிர்மாறாக, நம் சிறகவரை பகல் குறுகினால்தான் பூக்கும். சித்திரையில் நட்டுவிட்டு, தந்தவரை மலட்டு விதை தந்தார் என்று ஏசுவது நியாயமன்று. வேண்டாத விருந்தாளிக்கு உதாரணம் தேடி நாம் தூரம் போக வேண்டியதுமில்லை: 1990களின் இறுதியில் வவுனியாவில் கண்டறியப்பட்ட பார்த்தீனியம், இன்று வடக்கெங்கும் வீதியோரத்தில் வெள்ளைப் பூவோடு நிற்கிறது. அதன் விதை மண்ணோடும் வைக்கோலோடும் எருவோடும் ஒட்டிவரும். ஆகவே நாற்றைக் கொடுப்பவர்கள் மண்ணோடு கொடுக்காமல், வேரைக் கழுவி ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுக்க வேண்டும்.

இனி அந்த மேசைக்கு வருவோம். சங்கத்துப் பிள்ளைகள் தாளும் பேனையும் வைத்திருக்கிறார்கள். அடுத்த அரைமணி நேரத்தில் உங்கள் பொதியில் நான்கு செய்திகளை எழுதிவிடுங்கள். உங்கள் வீட்டில் அதை என்ன பெயரால் அழைக்கிறீர்கள். எந்த ஊரில், யாரிடமிருந்து பெற்றீர்கள். எந்த மாதத்தில், எத்தனை செடியிலிருந்து எடுத்தீர்கள். அருகில் அதன் இனத்தது வேறு எது நின்றது. தெரியாததற்குத் தெரியாது என்றே எழுதுங்கள், வாங்குபவருக்கு அதுவும் ஒரு செய்திதான். 'ஊர்க் கத்தரி' என்று எழுத வேண்டாம். அப்படியொரு கத்தரி ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறது. முடிந்தவர்கள் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றிவைத்து, எத்தனை முளைத்தன என்பதையும் எழுதலாம். உங்களுக்கென்று மூன்றில் ஒரு பங்கை எடுத்து வைத்த பின்னரே கொடுங்கள். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போகிறவரைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கும்.

நான் மூன்று பொதிகளை வைத்திருக்கிறேன். சின்னம்மாவின் பயற்றை அதிலொன்று. பத்தில் ஒன்பது முளைத்தது. சுரை கேட்டு இருவர் காலையிலேயே என்னிடம் வந்தார்கள். பற்றையை வெட்டித் துப்புரவாக்கிய பின், சென்ற ஆண்டு நூல் கட்டி எடுத்த விதை வீட்டில் இருக்கிறது. ஆனால் அதை இன்று கொண்டுவரவில்லை. இந்த மாரிக்கு நானே நடுகிறேன். தையில் காய்க்கும். ஒவ்வொரு கொடியிலும் முதற்காயின் நுனியை நறுக்கி, நாவில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டு, கசக்காவிட்டால் அவர்கள் இருவருக்கும் சொல்லியனுப்புவேன்.