மைக் வாட் பிழைக்கத் தெரியாதவரா? நேயர் கேள்விக்குப் பதில்

வணக்கம். போன தடவை கலிஃபோர்னியாவின் பங்க் ராக் இசைக்குழுக்களைப் பற்றிப் பேசும்போது மைக் வாட்டின் பெயரைப் பல தடவை சொன்னேன், தொடர்ந்து கேட்கிறவர்களுக்கு நினைவிருக்கும். அதற்கு ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "ஐயா, மைக் வாட் பெரிய பாஸ் கிட்டார் கலைஞர் என்று நீங்கள் எப்போதும் சொல்கிறீர்கள். 1980-லிருந்து வாசிக்கிறார், ஆனால் வெளியே யாருக்கும் அவரைத் தெரியவில்லை. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் பாஸ் கலைஞர் ஃப்ளீ அளவுக்கு அவர் ஏன் வரவில்லை? திறமை இருந்தும் பிழைக்கத் தெரியாதவர் என்று எடுத்துக்கொள்ளலாமா?"

கேள்வியில் தப்பே இல்லை, ஆனால் அந்தக் கடைசி வரி என்னை விடவே இல்லை. நாலு நாளாக வேறு வேலை செய்யும்போதும் அதற்கு மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

முதலில் ஃப்ளீ விஷயத்தை முடித்துவிடுகிறேன். சில்லி பெப்பர்ஸை உலகம் முழுக்கக் கொண்டுபோன ஆல்பம் 1991-ல் வந்தது. அதை அவர்கள் யாருக்குச் சமர்ப்பணம் செய்திருக்கிறார்கள் தெரியுமா? மைக் வாட்டுக்கு. 1995-ல் வாட் தன் பெயரில் முதல் ஆல்பம் போட்டபோது அதில் ஃப்ளீயும் வந்து வாசித்தார். பெர்ல் ஜாம் குழுவின் எடி வெட்டர், நிர்வாணா குழுவில் இருந்த டேவ் க்ரோல், க்ரிஸ்ட் நோவோசெலிக், ப்ளாக் ஃப்ளாக் குழுவில் பாடிய ஹென்றி ராலின்ஸ் என்று வந்தவர்களின் பட்டியல் நீளம். அந்த வருஷம் வாட் கச்சேரிப் பயணம் கிளம்பியபோது அவருக்குப் பின்னால் நின்று வாசித்தவர்களில் வெட்டரும் க்ரோலும் இருந்தார்கள். க்ரோலின் புதுக் குழுவான ஃபூ ஃபைட்டர்ஸ் அப்போதுதான் பிறந்திருந்தது, அதே மேடையில் வாட்டுக்கு முன்னால் வாசித்துவிட்டு இறங்கும். அந்தப் பயணம் முடிந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியிருக்கலாம். ஆனால் அவர் மறுபடியும் மூன்று பேர் குழு, ஒரு வேன், சின்ன அரங்குகள் என்று போய்விட்டார். அவருக்கு வேண்டியது அதுதான். ஏன் அது வேண்டியதாக இருந்தது என்பதற்கு நாம் சான் பெட்ரோ வரை போக வேண்டும்.

சான் பெட்ரோ லாஸ் ஏஞ்சலஸின் துறைமுகப் பகுதி. உழைப்பாளிகளின் ஊர். வாட்டின் அப்பா கடற்படையில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர், அந்த வேலையால்தான் குடும்பம் அங்கே வந்து சேர்ந்தது. வாட்டுக்குப் பதின்மூன்று வயசு இருக்கும்போது பூங்காவில் நடந்து போகிறார், மரத்திலிருந்து ஒரு பையன் அவர் முன்னால் குதிக்கிறான். தன் நண்பன் என்று நினைத்து ஆள் மாறிக் குதித்துவிட்டான். அந்தப் பையன்தான் டி. பூன். அதற்கப்புறம் இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்க முடியாது.

பாஸ் எடுத்தது வாட்டின் முடிவு இல்லை. டி. பூனின் அம்மாதான் பிள்ளைகள் தெருவில் சுற்றி வம்பில் மாட்டாமல் வீட்டிலேயே இருக்கட்டும் என்று, என் மகன் கிட்டார் வாசிக்கட்டும், நீ பாஸ் வாசி என்று சொல்லிவிட்டார். பாஸ் என்றால் என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஆல்பத்தின் உறையில் இருக்கும் படத்தைப் பார்த்தால் நாலு கம்பி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம் போல என்று வாட் ஒரு சாதாரணக் கிட்டாரில் நாலு கம்பி மட்டும் போட்டு வாசித்திருக்கிறார். சுருதி கீழே இருக்க வேண்டும் என்பதே தெரியாது. பெரிய அரங்கங்களில் நடந்த ராக் கச்சேரிகளுக்குப் போனால் தூரத்தில் உட்கார்ந்த இவர்கள் காதுக்குப் பாஸ் தனியாகக் கேட்கவும் கேட்காது. நிஜமான பாஸை முதலில் பார்த்தபோது அந்தக் கம்பிகளின் தடிமனைப் பார்த்து அசந்துபோனதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நண்பனோடு இருப்பதற்காகக் கையில் எடுத்த வாத்தியம் அது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரைக்கும் இதுதான் வரும்.

1980-ல் டிரம்ஸுக்கு ஜார்ஜ் ஹர்லி வர, இந்த நண்பர்களின் மினிட்மென் குழு நிலைபெற்றது. ப்ளாக் ஃப்ளாக் குழுவின் க்ரெக் கின் நடத்திய எஸ்.எஸ்.டி. இசை நிறுவனத்தில்தான் முதல் இசைத்தட்டு வந்தது. 7 பாட்டு, எல்லாம் சேர்த்து 7 நிமிஷம்கூட வராது.

இப்போது பாஸ் விஷயத்துக்கு வருகிறேன், இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 82 தடவை, அதிர்கிறது. பாஸின் தடித்த கம்பி அதில் பாதி, 41 ஹெர்ட்ஸ். ஆனால் பாஸின் மெல்லிய கம்பி 98 ஹெர்ட்ஸ், அதாவது கிட்டாரின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. அதுவும் போக, பாஸ் சத்தத்தில் நம் காது பிடித்துக்கொள்கிற தெளிவு, விரல் கம்பியில் படுகிற அந்த உறுமல், எல்லாம் இன்னும் மேலேதான் இருக்கிறது. ஆக, கிட்டார்காரர் தன் ஆம்ப்ளிஃபயரில் கனத்தைக் கூட்டி, டிஸ்டார்ஷன் என்கிற கரகரப்பையும் ஏற்றிவிட்டால் பாஸ் என்ன வாசிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஏதோ அதிர்கிறது என்று மட்டும் தெரியும். பெரும்பாலான ராக் குழுக்களில் நடப்பது இதுதான்.

டி. பூன் என்ன செய்தார் என்றால், தன் கிட்டாரில் கீழ்ச்சத்தத்தை எல்லாம் எடுத்துவிட்டார். ட்ரெபிள், அதாவது மேல்சத்தம் மட்டும்தான். மெல்லிசாக, கீறுகிற மாதிரி ஒரு சத்தம். முதல் தடவை கேட்கிறவர்கள் கிட்டாருக்கு ஏதோ கோளாறு என்றே நினைப்பார்கள். ஆனால் அவர் கீழே காலி செய்து கொடுத்த அந்த இடம் முழுக்க வாட்டுக்கும் ஹர்லிக்கும்தான். பாஸ் அங்கே தாளத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்கவில்லை, மெட்டுப் போடுகிறது, கிட்டாரோடு வாக்குவாதம் செய்கிறது, சில இடங்களில் அதை முந்திக்கொண்டு போகிறது. மூன்று பேரும் சமம் என்பது அவர்களுக்கு அரசியல். மேடையில் முழங்குவதற்கு முன்னால் அதை ஆம்ப்ளிஃபயரின் குமிழில் செய்து காட்டியிருக்கிறார்கள், எனக்கு இந்தக் குழுவில் ரொம்பப் பிடித்தது அதுதான். எனக்குத் தெரிந்த ஒரு பையன், பாஸ் வாசிக்கிறவன், தன் சத்தம் கேட்கவே இல்லை என்று பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தான். உன் கிட்டார்காரரிடம் கொஞ்சம் கீழ்ச்சத்தத்தைக் குறைக்கச் சொல்லிப் பார் என்றேன். அவர் குறைத்தார், அவன் பணம் மிச்சம்.

பணம் என்றதும் ஞாபகம் வருகிறது, நான் எப்போதும் சொல்கிற விஷயம், செலவு. ஸ்டூடியோ வாடகை நடுராத்திரிக்கு மேல் குறைவு என்றால் அப்போதுதான் போவார்கள். புது டேப் வாங்காமல் ஏற்கெனவே பயன்படுத்திய டேப்பில் பதிவு செய்வார்கள். ஆல்பத்தில் பாட்டுகள் எந்த வரிசையில் வர வேண்டுமோ அதே வரிசையில் வாசித்துவிடுவார்கள், அப்புறம் டேப்பை வெட்டி ஒட்டுகிற கூலி மிச்சம். 1984-ல் வந்த 'டபுள் நிக்கல்ஸ் ஆன் த டைம்' இரட்டை ஆல்பம், 40-க்கும் மேற்பட்ட பாட்டு, பதிவுச் செலவு சுமார் 1,100 டாலர். அதன் உறைப்படத்தைப் பாருங்கள். காரின் பின்சீட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள், வாட் வண்டி ஓட்டுகிறார், முன்னால் சான் பெட்ரோ போகும் வழிப்பலகை, கண்ணாடியில் அவர் கண்கள் தெரிகின்றன, வேகமானி 55 மைலில் நிற்கிறது. அன்றைக்கு அமெரிக்காவில் சட்டப்படி உச்ச வேகமே 55 மைல்தான். அந்த வேகத்தைத் தாண்டுவதுதான் வீரம் என்று மற்றவர்கள் பாடிக்கொண்டிருந்தபோது, நாங்கள் வண்டியை ஒழுங்காகத்தான் ஓட்டுவோம், துணிச்சலைப் பாட்டில் காட்டுகிறோம் என்று இவர்கள் சொன்னார்கள்.

வாட்டின் கணக்கு ரொம்ப நேரானது. உலகத்தில் இரண்டே விஷயம்தான், கச்சேரி, கச்சேரிக்கான நோட்டீஸ். ஆல்பம், பேட்டி, வீடியோ எல்லாம் அவருக்கு நோட்டீஸ். அப்படியானால் நோட்டீஸுக்கு ஏன் கடன் வாங்க வேண்டும்? கடன் இல்லை என்றால் நிறுவனம் வந்து இப்படிப் பாடு, அவனை மாற்று என்று சொல்ல முடியாது. சரி, இதை முன்னாலும் சொல்லியிருக்கிறேன், இன்னொரு தடவையும் சொல்கிறேன்: அவர் செலவைக் குறைத்தது பணத்தைச் சேர்ப்பதற்காக இல்லை, யாரோடு வாசிப்பது என்பதைத் தானே முடிவு செய்வதற்காக. பாட்டுக்காரருக்கு இது அவ்வளவு முக்கியம் இல்லை, அவர் தனியாக ஒரு கிட்டாரோடு உட்கார்ந்துகூடக் காலம் தள்ளலாம். பாஸ்காரருக்குக் கூட ஆள் வேண்டும்.

அதனால்தான், நண்பரே, நீங்கள் வேறு ஒன்றைக் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். வாட் ஏன் பெரிய ஆளாகவில்லை என்பதை விட, 1985-க்கு அப்புறம் அவர் எப்படி வாசித்தார் என்று கேட்க வேண்டும்.

1985 டிசம்பர் 22. அரிசோனாவில் வேன் விபத்து, டி. பூன் இறந்துவிட்டார். வயசு 27. வாத்தியம் எடுத்ததே அந்த நண்பனுக்காக என்று சொன்னேன் இல்லையா. வாட் பாஸைத் தொடாமல் கிடந்தார். ஒஹாயோவிலிருந்து எட் கிராஃபோர்ட் என்று ஒரு ரசிகர், பெரிய அனுபவம் ஒன்றும் இல்லாத இளைஞர், சான் பெட்ரோவுக்கே வந்து நின்றார், உங்களோடு வாசிக்க வேண்டும் என்று. வாட்டும் ஹர்லியும் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அதுதான் ஃபயர்ஹோஸ், 1986-லிருந்து 1994 வரை ஓடியது. 1991-ல் அவர்கள் ஆல்பத்தைக் கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது, அப்போதும் பழைய பயண முறை மாறவில்லை. பெரிய நிறுவனத்தோடு கையெழுத்துப் போட்டால் சுயேச்சை போய்விடும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், செலவு உங்கள் கையில் இருந்தால் பாதி சுயேச்சை உங்கள் கையில்தான் இருக்கிறது.

இதே காலத்தில் ப்ளாக் ஃப்ளாக்கில் பாஸ் வாசித்த கிரா ரோஸ்லரோடு டோஸ் என்று ஒரு குழு. அதில் இரண்டு பாஸ் மட்டும்தான், கிட்டாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. பாஸை ரசிக்கிறவர்கள் தவறவிடக் கூடாது.

டி. பூனைப் பற்றி இசையில் பேச வாட்டுக்கு 12 வருஷம் ஆனது. 1997-ல் வந்த ஆல்பம் முழுக்க ஒரே கதை, ஒரு கப்பலின் எஞ்சின் அறையில் மூன்று பேர். அப்பாவின் கடற்படை வாழ்க்கையும் மினிட்மெனும் ஒன்றுக்குள் ஒன்றாக வரும். பாஸ் என்றால் அதுதான், மேல்தளத்தில் நிற்கிறவர்களுக்குத் தெரியாது, ஆனால் கீழே அது ஓடினால்தான் கப்பல் நகரும்.

2000-ல் அவருக்கு உடம்புக்குள் சீழ்க்கட்டி வந்து, சாவின் விளிம்பு வரை போய்ப் பிழைத்தார். பல வாரம் படுக்கை. எழுந்து பாஸை எடுத்தால் விரல்கள் வரவில்லை. பலம் திரும்ப அவர் தேர்ந்தெடுத்தது, இக்கி பாப் பாடிய பழைய ராக் குழுவான ஸ்டூஜஸின் பாட்டுகள், ஏனென்றால் அதில் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும், விரலுக்குப் பயிற்சி. வீட்டில் வாசித்தவர் அப்புறம் மேடையிலும் அதை வாசித்தார், டைனோசர் ஜூனியர் குழுவின் ஜே மாஸ்கிஸ் கூட வந்தார், பிறகு ஸ்டூஜஸின் கிட்டார்காரர் ரான் ஆஷ்டனே வந்து சேர்ந்துகொண்டார், தம்பி ஸ்காட் ஆஷ்டனும் வந்தார். இந்தச் செய்தி இக்கி பாப் வரை போனது. 2003-ல் ஸ்டூஜஸ் மறுபடியும் மேடை ஏறியபோது பாஸ் யார்? மைக் வாட். அதற்கப்புறம் பத்து வருஷம் உலகத்தின் பெரிய மேடைகள். சின்ன வயசில் தான் ரசித்த குழுவில், தானாக ஒரு இடம் கேட்காமல், நோயிலிருந்து எழுவதற்கு வாசித்த வாசிப்பால் உள்ளே போயிருக்கிறார். இவரையா பிழைக்கத் தெரியாதவர் என்பது?

அங்கே அவர் தன் வித்தையைக் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய பாஸ்காரர் டேவ் அலெக்ஸாண்டர் போட்டுவைத்த வரிகளுக்கு மரியாதை கொடுத்து வாசித்தார். பெரிய மேடைகளுக்கு நடுவிலும் தன் மூவர் குழுவோடு வேனில் போவதை விடவில்லை, ஓய்வு நாள் இல்லாமல் தினம் ஒரு ஊர், வாசிக்காத நாள் வெறும் செலவு நாள் என்பது அவர் கணக்கு. 2001-லிருந்து இணையத்தில் வானொலி நிகழ்ச்சி வேறு. 2011-ல் சொந்த நிறுவனத்தில் 30 சின்னச் சின்னப் பாட்டுகளோடு ஒரு ஆல்பம் வந்தது, அந்தப் பாட்டுகளை அவர் பாஸில் கட்டவில்லை, டி. பூனின் டெலிகாஸ்டர் கிட்டாரை எடுத்துக் கட்டினார்.

பாஸ் கற்றுக்கொள்கிறேன், இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாமா என்று சில பேர் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் இதே பதில்தான். வேகத்தைக் கூட்டுவதற்கு முன்னால், உங்களுக்கு இடம் விட்டு வாசிக்கிற ஒரு கிட்டார்காரரையும் நேரத்துக்கு வருகிற ஒரு டிரம்ஸ்காரரையும் தேடுங்கள். அவர்கள் கிடைத்துவிட்டால் மாதச் செலவை எழுதிப் பாருங்கள், எவ்வளவு குறைவாக இருந்தால் அவர்களை விடாமல் வைத்துக்கொள்ள முடியும் என்று.

கேள்வி கேட்ட நண்பருக்கு ஒன்று மட்டும். முதலில் 1984 ஆல்பத்தைக் கேளுங்கள், கேட்கும்போது பாட்டை விட்டுவிட்டு வாட்டை மட்டும் பின்தொடருங்கள், அப்புறம் 1997-க்குப் போங்கள். கைபேசியின் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், பாஸின் கீழ்ச்சத்தம் அதில் வரவே வராது, ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். சரி, அடுத்த கேள்வியைப் பார்ப்போம்.