உப்பு இனி மலைக்கு வராதா? கட்டபெட்டு அக்கா கேட்ட கேள்வி

சரிங்க, அடுத்த கேள்வி. நம்ம நீலகிரி மலையில கட்டபெட்டு பக்கத்துல இருந்து ஒரு அக்கா வாய்ஸ் அனுப்பியிருக்காங்க, அதை அப்படியே சொல்லிடறேன். "தம்பி, தூத்துக்குடி உப்பளம் பூரா தண்ணி நிக்குது, மழையில மேட்டுப்பாளையம் ரோடும் போயிடும், மூணு மாசத்துக்கு மேல உப்பே வராதுன்னு எங்க குரூப்ல ஒரு வாய்ஸ் மெசேஜும் போட்டோவும் வந்துச்சு, கடைக்குப் போனா அங்கயும் கூட்டம், நான் பயந்துபோய் 10 பாக்கெட் வாங்கி வச்சிட்டேன், இது நிஜமா?"

இல்லக்கா, நிஜம் இல்ல. ஆனா நீங்க பயந்ததுல தப்பே இல்ல, அதை முதல்ல சொல்லிடறேன். நம்ம ஊர்ல ரோடு போறதுங்கிறது கதை இல்ல, 2009 நவம்பர்ல மண்சரிவு வந்தப்போ எத்தனை உசுரு போச்சு, ரோடும் ரயில் பாதையும் எப்படி அடைஞ்சு கிடந்துச்சுன்னு மறக்கவா முடியும், அதனாலதான் கீழ இருக்கிறவங்களை விட இந்த மாதிரி வதந்தி நம்மளை சீக்கிரமா பிடிச்சுக்குது.

இப்போ அந்த போட்டோவை எடுத்துக்குவோம். உப்பளத்துல தண்ணி நிக்கிற போட்டோ, அது நிஜ போட்டோவாவே இருக்கட்டும், ஆனா ஐப்பசி கார்த்திகையில தூத்துக்குடி உப்பளத்துல தண்ணி நிக்காம வேற என்ன நிக்கும்? அங்க உப்பு வாருறது வெயில் காலத்துல, மாசி பங்குனியில இருந்து புரட்டாசி வரைக்கும்னு வச்சுக்கங்க, வடகிழக்கு மழை ஆரம்பிச்சா வேலை நின்னுடும், அதுவரைக்கும் வாரின உப்பை அம்பாரமா குவிச்சு கீத்து, தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருப்பாங்க, மழைக்காலம் முழுக்க அந்த ஸ்டாக்தான் லாரி ஏறும். வருஷா வருஷம் இதான் நடக்குது. அதுவும் இல்லாம நாட்டோட உப்புல முக்கால்வாசி குஜராத்துல இருந்து வருது, அதுக்கப்புறம்தான் நம்ம தமிழ்நாடு, ராஜஸ்தான் எல்லாம், மொத்தத்துல நாம சாப்பிடுறது ஒரு பங்குதான், மீதி கெமிக்கல் ஃபேக்டரிக்கும் ஏற்றுமதிக்கும் போகுது. வெளிநாட்டுக்கு அனுப்புற அளவுக்கு இருக்கிற சாமான் அது.

அப்புறம் ஏன் கடையில காலி ஆச்சுன்னு கேப்பீங்க, இதை நான் நல்லா சொல்லுவேன், ஏன்னா யூடியூப்புக்கு வர்றதுக்கு முன்னாடி ஒன்பது வருஷம் மளிகைக்கடையில நின்னவன் நான். மலையில இருக்கிற சின்ன கடைக்காரர் உப்பை நிறைய வாங்கி அடுக்க மாட்டார். அதுல லாபம் ரொம்ப கம்மி, இடத்தை அடைக்கும், நம்ம ஊர் ஈரத்துக்கு கசியும், மூட்டைக்கு அடியில வச்ச அட்டை வரைக்கும் நனைஞ்சு போகும், அதனால ரெண்டு மூணு மூட்டைதான் இருக்கும், தீரத்தீர கீழ இருந்து லோடு வரும். சாதாரண நாள்ல ஒருத்தர் மாசத்துக்கு ஒரு பாக்கெட்தான் வாங்குவாங்க, அந்தக் கணக்குக்குத்தான் ஸ்டாக். ஒரே சாயங்காலத்துல இருபது பேர் வந்து ஆளுக்கு அஞ்சு பாக்கெட்னா எந்தக் கடை தாங்கும் சொல்லுங்க. ரேக் காலியாகுது, அதை ஒரு தம்பி போட்டோ எடுத்து குரூப்ல போடுறான், பாத்தீங்களா சொன்னேன்லன்னு, அப்போ நம்பாம இருந்தவங்களும் ஓடுறாங்க. பொய் சொன்ன விஷயத்தை நம்ம கையே நிஜம் மாதிரி ஆக்கிடுது.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கிறது இல்லக்கா. 2016 நவம்பர் 8 ராத்திரி நோட்டு செல்லாதுன்னு சொன்னாங்கல்ல, அதுக்கு மூணே நாள்ல, உத்தரப்பிரதேசம் டெல்லி பக்கமெல்லாம் உப்பு தீந்துபோச்சுன்னு கிளம்பி, கிலோ நானூறு ரூபா வரைக்கும் போகுதுன்னு பேச்சு, ஜனங்க கடைக்கு முன்னாடி முண்டியடிச்சாங்க, அப்போ உணவுத்துறை மந்திரியா இருந்த ராம் விலாஸ் பாஸ்வான் தட்டுப்பாடே இல்லன்னு சொன்னார், ரெண்டு நாள்ல எல்லாம் அடங்கிடுச்சு. 2011-ல ஜப்பான் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்தப்போ சைனாவுலயும் அப்படித்தான், அயோடின் உப்பு சாப்பிட்டா கதிர்வீச்சு ஒண்ணும் பண்ணாதுன்னு ஒரு புரளி, உப்புக்கு அடிதடி. ஜப்பான்லயே 1973-ல பெட்ரோல் விலை ஏறினப்போ டாய்லெட் பேப்பர் கிடைக்காதுன்னு க்யூ நின்னிருக்காங்க. வாட்ஸ்அப்பே இல்லாத காலம் அது, பாத்துக்கங்க.

உங்களுக்கு வந்த வாய்ஸ் மெசேஜை நானும் கேட்டேன். "நேத்து நைட்டு கலெக்டர் ஆபீஸ்ல மீட்டிங் நடந்துச்சு, என் சொந்தக்காரர் உள்ள இருந்தார்"னு ஆரம்பிக்குது. தேதி இல்ல, யாரு பேசுறான்னு இல்ல. நேத்துன்னு சொன்னா அதை எந்த வருஷம் அனுப்பினாலும் நேத்துதான். கடைசியில "உங்க சொந்தக்காரங்க எல்லாருக்கும் உடனே அனுப்புங்க"ன்னு முடியுது. நிஜமான அறிவிப்புன்னா தேதி இருக்கும், எந்த ஆபீஸ்னு இருக்கும், ஒரு நம்பர் இருக்கும். சந்தேகம்னா 1077-க்கு போன் போடுங்க, அது மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை, ரோடு திறந்திருக்கா இல்லையான்னு அங்கயே கேக்கலாம். யாராவது பாக்கெட்ல போட்ட எம்ஆர்பிக்கு மேல கேட்டா 1915, நுகர்வோர் ஹெல்ப்லைன், பில்லு வாங்கி வச்சுக்கிட்டு பேசுங்க. இந்த பத்து ரூபா காயின் செல்லாதுன்னு இன்னமும் சில பேர் வாங்க மாட்டேங்கிறாங்களே, அதுவும் இதே ரகம்தான், 2018-லயே ரிசர்வ் பேங்க் 14 டிசைனும் செல்லும்னு தெளிவா சொல்லிடுச்சு.

எனக்கு இதுல ரொம்ப மனசு கஷ்டமாகிற விஷயம் ஒண்ணு இருக்கு. எஸ்டேட் லைன் வீட்டுல இருக்கிறவங்க பத்து பாக்கெட் வாங்க மாட்டாங்க, கையில காசு வந்தப்புறம் ஒரு பாக்கெட் வாங்குவாங்க. நான் கடையில நின்ன காலத்துல இப்படி ஒரு புரளி வந்து, ரெண்டு நாள் கழிச்சு கொழுந்து பறிச்சுட்டு வந்த ஒரு அம்மா, கூடையைக் கூட இறக்காம, "உப்பு ஒண்ணு குடு கண்ணு"ன்னு கேட்டாங்க, கடையில ஒரு பாக்கெட் இல்ல. நான் எங்க வீட்டுல இருந்து ஒரு டப்பாவுல கொட்டிக் கொண்டுவந்து குடுத்தேன். அந்த முகம் இன்னும் ஞாபகம் இருக்கு. வாங்கி அடுக்கினவங்க யாரும் கெட்டவங்க இல்ல, எல்லாம் தெரிஞ்ச முகம்தான், ஆனா இல்லாமப் போனது அந்த அம்மாவுக்குத்தான்.

சரி, உங்க 10 பாக்கெட்டுக்கு வருவோம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள உப்பு போதும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நாம அதை விட ஜாஸ்தியாவே சேக்கறோம், 10 கிராம்னே வச்சுக்கிட்டாலும் நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு மாசம் 1.2 கிலோ, அப்போ உங்ககிட்ட எட்டு மாச உப்பு இருக்கு. நம்ம ஊர் பனியிலயும் மழையிலயும் அதைச் சும்மா வச்சா கசியும், கசிஞ்சா அயோடினும் குறையும். மலை மண்ணுல மழை அடிச்சு அடிச்சு அயோடின் கம்மியா இருக்கும், அதனாலதான் முன்னாடியெல்லாம் மலைப் பகுதிகள்ல கழுத்துல கட்டி வர்றது ஜாஸ்தியா இருந்துச்சு, நமக்கு அந்த உப்புல அயோடின் முக்கியம். அதனால பிரிச்சதை பீங்கான் ஜாடியில போட்டு நல்லா மூடுங்க, அடுப்புக்குப் பக்கத்துல வேண்டாம், ஈரக் கரண்டி போடாதீங்க. பிரிக்காததுல ரெண்டு மட்டும் வச்சுக்கிட்டு மீதியை அக்கம்பக்கத்துல யாருக்கு வேணுமோ வாங்கின விலைக்கே குடுத்துடுங்க, இல்ல கடைக்காரர் எடுத்துக்குவாரான்னு பில்லோட போய் கேளுங்க.

ரோடு போயிடுமோன்னு பயம் இருந்தா உப்பு வேண்டாங்கா, மெழுகுவர்த்தி, டார்ச்சுக்கு பேட்டரி, வீட்டுல பெரியவங்க இருந்தா பிரஷர் சுகர் மாத்திரை பத்து நாளைக்கு, குழந்தைக்கு பால் பவுடர், குடிக்கத் தண்ணி, இதைப் பாத்து வைங்க. கேஸ் சிலிண்டர் தீர்ற வரைக்கும் காத்திருக்காம கொஞ்சம் முன்னாடியே புக் பண்ணிடுங்க. அந்த மெசேஜ் வந்த குரூப்லயே, இது பொய்னு ஒரு வரி நீங்களே உங்க குரல்ல போடுங்க, உங்க குரல் அவங்களுக்குத் தெரியும்ல.